கடலுக்குள்ளும் ஒரு கிடை உண்டு
பவளப்பாறைக்கு ஊட்டமளிக்கும் சிறு மீன்கூட்டங்களைப் பற்றிய பாடம்



கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு கடல்மீனைப் பற்றிப் பாடம் படிப்பானேன் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நம்மைச் சுற்றிலும் மலை. நடுவே நெல் வயலும் திராட்சைப் பந்தலும் வாழைத் தோட்டமும். கடலோ கிழக்கே வெகு தூரம். ஆயினும் கடலுக்கும் நமக்கும் மூன்று வகையில் சம்பந்தம் உண்டு. முதலாவது, வருஷநாட்டு மலையில் பிறக்கும் நமது வைகை, முல்லைப் பெரியாற்றின் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு மதுரையைக் கடந்து, இராமநாதபுரம் சீமையின் கண்மாய்களை நிரப்பி, மிஞ்சியதைப் பாக் நீரிணையிலே கொண்டுபோய் விடுகிறது. இரண்டாவது, சந்தை நாளில் நாம் வாங்கும் நெத்திலிக் கருவாடும் சாளைக் கருவாடும் கடற்கரையிலிருந்து வருகின்றன. மூன்றாவது, 1542-ஆம் ஆண்டில் அர்ச். சவேரியார் வந்து போதித்த முத்துக்குளித்துறையின் மக்கள் நமக்குச் சகோதரர்கள். அவர்களுடைய பிழைப்பு எதை நம்பியிருக்கிறதோ அதைப் பற்றி நாம் கொஞ்சமாவது அறிந்திருப்பது முறையே.

ஆகவே, இந்த வாரம் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளையும், அவற்றைச் சுற்றிக் கூட்டங்கூட்டமாய்த் திரியும் சிறு மீன்களையும் பற்றிப் படிப்போம். இவ்விரண்டிற்கும் உள்ள உறவு, கிடை போட்டுப் பழகிய நமது சம்சாரிகளுக்கு எவரையும்விட எளிதில் விளங்கும்.

1. பவளப்பாறை என்பது யாது?

பவளப்பாறை வெறுங் கல் அன்று. பவளப் பூச்சி என்று நாம் சொல்லும் மிகச் சிறிய ஜீவப்பிராணிகள் இலட்சக்கணக்காய் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்குக் கட்டிக்கொள்ளும் வீடே அது. பூச்சி என்பது பெயருக்குத்தான்; உண்மையில் அது வாயைச் சுற்றிச் சிறு கைகளையுடைய ஒரு மெல்லிய கடற்பிராணி. அதன் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய வெளிச்சத்தில் ஆகாரம் தயாரித்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரனாகிய பவளத்திற்குக் கொடுக்கின்றன. பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதி இந்தப் பாசியினால் உண்டாவதே.

நமது மாநிலத்தில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையில், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், 21 தீவுகள் வரிசையாய் இருந்தன. குருசடைத் தீவு, முயல் தீவு, வான் தீவு முதலியவை அவற்றில் சில. இந்தத் தீவுகளைச் சுற்றி ஆழங்குறைந்த நீரில் பவளப்பாறைகள் வளர்ந்திருக்கின்றன. கல்லாய்க் கட்டும் பவள வகைகள் மட்டும் 117 இங்கே கணக்கிடப்பட்டுள்ளன. 1986-இல் அரசாங்கம் இத்தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் மன்னார் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று.

2. தரிசில் எப்படிச் சோலை உண்டாயிற்று?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வெப்ப நாடுகளின் கடல்நீர் பெரும்பாலும் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். பார்வைக்கு அது அழகுதான். ஆனால் தெளிந்த நீர் என்றால் உரச்சத்துக் குறைந்த நீர் என்று பொருள். சம்சாரி பாஷையில் சொன்னால் அது தரிசு நிலம். அப்படிப்பட்ட நீரின் நடுவில், காட்டைப் போலச் செழித்து, ஆயிரமாயிரம் பிராணிகளுக்குச் சோறு போடும் பவளப்பாறை எப்படி நிற்கிறது? எரு எங்கிருந்து வருகிறது?

பாசி கொடுக்கும் ஆகாரம் ஒரு விடை. ஆனால் பாசிக்கும் உரம் வேண்டுமே! வெயிலை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பயிரும் வளராது. ஆகவே வெளியிலிருந்து யாரோ சத்தைக் கொண்டுவந்து பாறையில் சேர்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்வோரில் முக்கியமானவை, நாம் அற்பமென்று எண்ணும் சிறு மீன்கூட்டங்கள்.

திறந்த கடலில் மிதவை உயிர்கள் என்று ஒரு வர்க்கம் உண்டு. பிளாங்டன் என்று இதை அழைப்பார்கள். ஊசிமுனை அளவுள்ள இறால் இனங்கள், நண்டுக் குஞ்சுகள், மீன் முட்டைகள், நுண்பாசிகள் ஆகிய இவையெல்லாம் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த மாட்டாமல் மிதந்து போகின்றன. ஒவ்வொன்றும் துளியினும் துளி. சேர்த்துப் பார்த்தாலோ பெருஞ் சொத்து. ஆனால் அது பாறையைத் தாண்டி ஓடிப்போகும் சொத்து. நீரோட்டம் கொண்டுவரும், நீரோட்டமே கொண்டுபோய்விடும். இடையில் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும்.

பிடித்து நிறுத்துவன இந்த மீன்களே. பாறையின் விளிம்பில், நீரோட்டம் வரும் திசையை நோக்கி, நூறும் ஆயிரமுமாய் நின்றுகொண்டு, வருகிற உயிர்களை ஒவ்வொன்றாய்க் கொத்தி விழுங்குகின்றன. விரல் நீளமுள்ள குரோமிஸ் மீன்கள், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சிறு மீன்கள், நீலமும் மஞ்சளுமாய் மின்னும் ஃபியூசிலியர் மீன்கள் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. ஆஸ்திரேலியாவின் பெருந் தடுப்புப் பவளத்திட்டில் ஆராய்ந்து 1988-இல் எழுதிய விஞ்ஞானிகள், இந்த மீன் வரிசையை வாய்களால் கட்டிய மதில் என்றே வருணித்தார்கள். பகலில் பாறையை நோக்கி வரும் மிதவை உயிர்களில் பெரும்பகுதி அம்மதிலைத் தாண்டுவதில்லை என்று கண்டார்கள்.

ஏன் கூட்டமாய் நிற்கின்றன? திறந்த நீரில் ஒளிய இடமில்லை. தனித்து நின்றால் பாரை மீன் கொண்டுபோய்விடும். கூட்டத்தில் நூறு கண்கள் காவல் காக்கும். ஒன்று மிரண்டால் எல்லாம் ஒரே கணத்தில் பவளக் கிளைகளுக்குள் புகுந்துவிடும். ஆகையால் அவை மேயும் இடம் வெளியே. அடையும் இடம் பாறை.

இதில் பகல் முறை, இராமுறை என்றும் உண்டு. பொழுது சாய்ந்ததும் பகலில் மேய்ந்தவை பாறைக்குள் அடங்கும். அதுவரை பொந்துகளில் ஒளிந்திருந்த பெரிய கண்ணுடைய சிவப்பு மீன்களும் வேறு சிறு மீன்களும் அப்போது வெளியே வரும். பகலில் ஆழத்திலும் அடித்தரையிலும் பதுங்கியிருந்த மிதவை உயிர்கள் இராத்திரியில் மேலே எழும்புகின்றன அல்லவா? அவற்றை இந்த இராமீன்கள் மேயும். விடிந்ததும் வயிறு நிறைந்து திரும்பும். வருஷம் முழுவதும் இந்த வேலைக்கு விடுமுறை இல்லை.

3. கிடையின் பலன்

இனி நமது ஊர் வழக்கத்தைப் பாருங்கள். மலைமாட்டுக் கிடைக்காரர் என்ன செய்கிறார்? பகலெல்லாம் மலையடிவாரத்தில் மந்தையை மேய்க்கிறார். இரவில் ஒரு சம்சாரியின் நிலத்தில் அடைக்கிறார். மலையில் பரந்து கிடந்த புல்லின் சத்து, சாணமாகவும் மூத்திரமாகவும் மாறி, அந்த ஒரு நிலத்தில் விழுகிறது. சம்சாரி மலைக்குப் போகவில்லை. மலையின் சத்து அவன் நிலத்தைத் தேடி வந்தது. ஆட்டுக்கிடையும் அவ்வாறே.

கடலிலும் இதுவே நடக்கிறது. கடல்வெளி மேய்ச்சல் நிலம், மீன்கூட்டம் மந்தை, பவளப்பாறை கிடை போட்ட வயல். இதனால் பாறைக்கு உண்டாகும் பலன்களை நான்காகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, உரம். மீன்கள் தங்கள் செவுள் வழியாக அமோனியா என்னும் உப்புச்சத்தை வெளிவிடுகின்றன. இது யூரியாவைப் போன்ற தழைச்சத்து. பவளத்திலுள்ள நுண்பாசி இதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பார்கள் நமது பெரியோர். மீனெருவோ அந்நேரமே பலன் கொடுப்பது. 1983-இல் கரீபியன் கடலிலுள்ள விர்ஜின் தீவுகளில் ஆராய்ந்தவர்கள், இளமீன் கூட்டங்கள் தங்கி இளைப்பாறும் பவளங்கள், மீன் தங்காத பவளங்களைவிட வேகமாய் வளர்ந்ததைக் கண்டார்கள். அந்த மீன்கள் கடற்புல் வெளியில் மேய்ந்துவிட்டு வருபவை. பசிபிக் பெருங்கடலின் மூரேயா தீவில் மிதவை உயிர்களைத் தின்னும் சிறு மீன்களை வைத்துச் செய்த சோதனையிலும் அதே பலன் தெரிந்தது.

இரண்டாவது, காற்று. இராத்திரியில் வெளிச்சம் இல்லாமையால் பாசி பிராணவாயுவை உண்டாக்குவதில்லை. நெருக்கமான பவளக் கிளைகளின் நடுவே மூச்சுத் திணறல் ஏற்படுகிறது. அங்கே அடைந்து தூங்கும் சிறு மீன்கள், தூக்கத்திலும் செட்டைகளை ஓயாமல் அசைத்து, புது நீரை உள்ளே தள்ளுகின்றன. செங்கடலில் ஏலாத் என்னுமிடத்தில் ஆராய்ந்தவர்கள் 2004-இல் இதை வெளியிட்டார்கள். தூங்குகிற குழந்தைக்குத் தாய் விசிறி வீசுவதைப் பார்த்திருக்கிறோம்; இங்கே தூங்குகிறவரே வீட்டுக்கு விசிறி வீசுகிறார்!

மூன்றாவது, மற்றவற்றிற்கு ஆகாரம். கூட்டமீன்களின் எச்சம் மேலிருந்து மழைபோல் விழ, கீழேயுள்ள மீன்கள் அதை உண்கின்றன. பலாவுத் தீவுகளில் 1982-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, மிதவை உயிர்களைத் தின்ற மீன்களின் எச்சத்தை வேறு மீன்கள் ஆவலோடு பிடித்துத் தின்பதை விவரித்தது. கேட்க அருவருப்பாய் இருக்கலாம். ஆனால் சிருஷ்டியில் வீணானது என்று ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமோ? அன்றியும், களவா, பாரை முதலிய பெரிய மீன்கள் இந்தச் சிறு மீன்களையே தின்று கொழுக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர், இரண்டு படி ஏறி, வலைஞரின் கூடையில் பெரிய மீனாய் வந்து நிற்கிறது.

நான்காவது, நோய்க்காலத்தில் துணை. கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும்போது பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். நீடித்தால் பட்டினியால் மடியும். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2018-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், சிறு மீன்கள் குடியிருந்த பவளங்கள், மீனில்லாத பவளங்களைவிடக் குறைவாகவே வெளுத்தன.

எனினும் அளவோடு பேசுவோம். மீன் இருந்தால் மட்டும் பாறை பிழைத்துவிடும் என்று எவரும் சொல்லவில்லை. கிடை போட்டாலும் மழை பொய்த்தால் பயிர் கருகத்தானே செய்யும்? ஆனால் எருப்போட்ட நிலம் வறட்சியைக் கொஞ்சம் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

4. நமது கடலில் நடந்தது

மன்னார் வளைகுடாவின் பவளம் இரண்டு விதத்தில் அடிபட்டது. ஒன்று மனிதர் கையால். பல பத்தாண்டுகளாகப் பவளக் கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், வீடு கட்டினார்கள், தொழிற்சாலைக்கும் அனுப்பினார்கள். 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளில் வெட்டுவது நின்றது. அதற்குள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் மறைந்துவிட்டன. அலையைத் தாங்கிய மதில் போனபின் மணல் தீவு எப்படி நிற்கும்? தூத்துக்குடிக்கு அருகேயுள்ள வான் தீவும் கரைந்து மிகச் சிறுத்துப் போயிற்று. அதைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உடைந்த பவளத் துண்டுகளை எடுத்து நாற்று நடுவதுபோல் நட்டு வளர்த்து வருகிறார்கள்.

மற்றொன்று வெப்பத்தால். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன, பல மடிந்தன. 2024-இல் உலகமெங்கும் நான்காம் முறையாக இந்த வெளுப்பு நிகழ்வதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

இப்போது இந்தப் பாடத்தின் சாரத்தைக் கவனியுங்கள். பாறையைத் தொடாமலே பாறையைப் பட்டினி போடலாம். எப்படியெனில், கல்லை ஒருவரும் வெட்டாவிட்டாலும், மந்தையை முழுவதும் ஓட்டிக்கொண்டு போய்விட்டால், கிடை இல்லாத வயலாய்ப் பாறை மெலியும். அதுபோலவே, மீனைத் தொடாமலே மீனை ஒழிக்கலாம். அடையும் பட்டியை இடித்துவிட்டால் மந்தை எங்கே தங்கும்? ஆகவே கல்லைக் காக்கிறவர் மீனையும் காக்க வேண்டும். மீனை நம்பியிருக்கிறவர் கல்லையும் காக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் காப்பது பாதி வேலை.

இங்கேதான் வலைஞரின் சங்கடம் வருகிறது. நெத்திலியும் சாளையும் பவளப்பாறையில் குடியிருப்பவை அல்ல. கரைக்கடலில் கூட்டமாய்த் திரிந்து மிதவை உயிர்களைத் தின்பவை. ஆயினும் பாறையோரம் இரைதேடும் பெரிய மீன்களுக்கு இவையும் ஆகாரம். ஏழையின் சட்டிக்கும் இவையே மீன். ஆகையால் சிறு மீனைப் பிடிக்கவே கூடாது என்று மலைநாட்டிலிருந்து நாம் சட்டம் பேசுவது நியாயமாகாது. ஆனால் சிறு மீனைப் பிடிப்பது வேறு, குஞ்சு குளுவானோடு வாரி எடுப்பது வேறு. நெருங்கிய கண்ணுள்ள மடிகளால் வாரப்பட்டு, மனிதர் உண்ணத் தகாததென்று சங்காயம் என்ற பெயரில் கோழித் தீவனத்திற்குப் போகும் மீன்களில் எத்தனையோ, வளரவிட்டால் கூடை நிரப்பக்கூடிய குஞ்சுகள். விதைநெல்லை அவித்துத் தின்கிறவனை நாம் என்ன சொல்வோம்?

மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் அநேகக் குடும்பங்களுக்கு வருமானம் அற்றுப்போகிறது. அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை ஓரளவே தாங்கும். இங்கே சந்தையில் மீன் விலை ஏறுவதை மட்டும் நாம் பார்க்கிறோம். அந்த விலை ஏற்றத்திற்குப் பின்னால், வரும் வருஷத்து மீனுக்காக இந்த வருஷம் பட்டினி பொறுக்கிற வீடுகள் உண்டு என்பதை நினைவில் வைப்போமாக.

5. நாம் செய்யக்கூடியது

காலஞ்சென்ற பாப்பானவர் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய "இறைவா உமக்கே புகழ்" என்னும் சுற்று நிருபத்தில் பவளப்பாறைகளை நிலத்தின் பெருங்காடுகளுக்கு ஒப்பிட்டு, அவற்றின் அழிவுக்காக வருந்தியிருக்கிறார். அந்த வருத்தத்தில் பங்குகொள்ள நினைக்கும் குடும்பங்கள் செய்யத்தக்கவை சிலவே, எல்லாம் சிறியவையே.

அ. சுத்தபோசன நாளுக்காகவோ விருந்துக்காகவோ மீன் வாங்கும்போது, வளரவேண்டிய பெரிய மீனின் குஞ்சுகளை மலிவு என்று வாங்காதிருங்கள். நெத்திலி சிறிதாயிருப்பது அதன் இயல்பு. களவாயும் பாரையும் விரல் நீளத்தில் விற்கப்படுவது கேடு.

ஆ. இராமேசுவரத்திற்கும், ஆகஸ்டு மாதத்தில் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவிற்கும் போகிறவர்கள், அலமாரிக்கு அழகென்று பவளத் துண்டு வாங்கி வராதீர்கள். அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். வீட்டில் கொண்டுவந்து வைத்தால் அது வெறும் வெள்ளைக் கல்; கடலில் இருந்தால் ஒரு மந்தைக்கு வீடு.

இ. ஆற்றிலும் வாய்க்காலிலும் பிளாஸ்டிக் பைகளையும் பூச்சிமருந்துப் புட்டிகளையும் எறியாதீர்கள். வைகை கடலைச் சேர்வது வெள்ள காலத்தில்தான். ஆனால் வருஷம் முழுவதும் நாம் எறிந்ததையெல்லாம் அந்த வெள்ளம் வாரிக்கொண்டு போகும்.

ஈ. மடைத்தண்ணீரோடு உரம் ஓடிவிடும்படி அளவுக்கு மிஞ்சிப் போடாதீர்கள். மீன் கொடுக்கும் எரு பாறைக்கு அளவானது. ஆறுகளின் வழியே மிதமிஞ்சிப் போகும் உரமோ களைப்பாசியை வளர்த்துப் பவளத்தை மூடும். எருவும் அளவோடு இருந்தால்தான் எரு.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விரல் நீள மீன் ஒன்று ஒரு கொத்தில் விழுங்குவது ஊசிமுனை அளவு. அதைக்கொண்டு ஒரு பாறை பிழைக்கும் என்று யாரேனும் சொன்னால் நகைப்போம். ஆனால் ஆயிரம் மீன்கள் ஆயிரம் தரம் கொத்தி, ஒவ்வொரு நாளும் தவறாமல் வீடு திரும்புகின்றன. பாறை நிற்பது அந்தத் திரும்புதலால். வெளியூரில் சம்பாதித்து வீட்டை நினைக்கிற பிள்ளைகளால் நமது ஊர்களில் எத்தனை குடும்பங்கள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பாடம் எளிதில் மனதில் தங்கும்.

வீட்டில் கேட்டுப் பார்க்கச் சில கேள்விகள்

1. தெளிந்த கடல்நீரைத் தரிசு என்று ஏன் சொல்கிறோம்?
2. மிதவை உயிர்களைப் பாறையருகே பிடித்து நிறுத்துவது எது? பகலில் மேய்வன எவை, இரவில் மேய்வன எவை?
3. மலைமாட்டுக் கிடைக்கும் மீன்கூட்டத்திற்கும் உள்ள ஒற்றுமை யாது?
4. மீன்கள் அடைவதால் பவளத்திற்கு உண்டாகும் நான்கு பலன்கள் எவை?
5. கல்லை வெட்டாமலே பாறையைப் பட்டினி போடுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின், ஞானோபதேச வகுப்பில் இவற்றிற்கு விடை சொல்லும் பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துக்கொள்வோம். பெரியவர்களும் வரலாம், கிடை போட்ட அனுபவம் உள்ளவர்கள் அவசியம் வரவேண்டும். மூன்றாம் கேள்விக்கு அவர்களைவிட நன்றாய் விடை சொல்ல யாரால் முடியும்?